அக்காவின் கொலை வழக்கை இப்போது மீண்டும் விசாரிக்க முடியுமா?

வாசகர் கேள்வி: 1997 ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், என் அக்கா தன் வீட்டிலேயே நைலான் கயிற்றால் கழுத்து நெரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அத்தான் அப்போது வெளிநாட்டில் வேலை பார்த்தார். மூன்று வயது மகள் அன்று எங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். போலீஸார் அந்தக் கயிறு, உடைந்த வளையல் துண்டுகள், முகம் துடைக்கும் துண்டு ஒன்று, பீரோ கண்ணாடியில் இருந்த கைரேகை ஆகியவற்றை எடுத்துச் சென்றார்கள். புகார் கொடுத்த அப்பாவுக்கு 2000-இல், குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வழக்கை முடித்துவிட்டதாகத் தாள் வந்தது. ஊரில் எல்லோரும் எங்கள் பங்காளி ஒருவரைத்தான் சந்தேகித்தார்கள். அவர் இன்றும் அடுத்த தெருவில் இருக்கிறார். அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். இப்போது டி.என்.ஏ. மூலம் பழைய வழக்குகளைக் கண்டுபிடிப்பதாகப் படிக்கிறேன். அக்காவின் டிரங்குப் பெட்டியில் அவருடைய சீப்பும் சில துணிகளும் அப்படியே உள்ளன. அவற்றைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாமா? அந்தப் பங்காளி டீ குடித்த டம்ளரை எடுத்துக் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடுமா? வழக்கைத் திறக்க யாரிடம் போக வேண்டும்? (தென் மாவட்ட வாசகர் ஒருவர்)

ஓய்வுபெற்ற தடய அறிவியல் அலுவலரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு முறைக்கு மேல் படித்தேன். இத்தனை ஆண்டுகள் அடுத்த தெருவில் ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு பெரிய பாரம் என்பதை, இத்தகைய குடும்பங்களைப் பணிக்காலத்தில் சந்தித்தவன் என்ற முறையில் ஓரளவு அறிவேன். ஆகவே நேரடியாகவே சொல்கிறேன். சட்டப்படி இந்த வழக்கை மீண்டும் விசாரிக்க முடியும். வழக்கை நீதிமன்றம் ஏற்பதற்கான காலவரம்பு, மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு மட்டுமே உண்டு, கொலைக்குக் கிடையாது. 2000-இல் காவல்துறை கொடுத்த அறிக்கை, அன்று இருந்த சான்றுகளைக் கொண்டு குற்றவாளியை அடையாளம் காண முடியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. யாரும் விடுதலை செய்யப்படவில்லை, யார் மீதும் நீதிமன்ற விசாரணை நடந்து முடியவில்லை. எனவே புதிய சான்று கிடைத்தால் காவல்துறை விசாரணையைத் தொடரச் சட்டத்தில் தடையில்லை.

அறிவியல் கைகொடுக்குமா என்ற கேள்விக்கு இவ்வளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதில் எந்த ஆய்வகத்திலும் இல்லை. அந்த நைலான் கயிறு இப்போது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. உங்களைப் போல எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சோதனை சிறந்தது, எந்த ஆய்வகம் நல்லது என்று கேட்கிறார்கள். பொருள் கிடைத்து, அது யார் யார் கையில் இருந்தது என்று காட்டவும் முடிந்தால் சோதனைக்கு வழி தானாகக் கிடைக்கும். பொருள் இல்லாமல் போயிருந்தால் உலகின் எந்தக் கருவியாலும் பயனில்லை. ஆகவே உங்கள் முதல் உழைப்பு முழுவதும் பொருளைத் தேடுவதில் இருக்கட்டும்.

1997-இல் ஒரு மாவட்டக் கொலை வழக்கில் கைப்பற்றிய பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பினால், வழக்கமாகக் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டுதான்: இதில் இருப்பது மனித இரத்தமா, ஆம் எனில் எந்த வகை. கழுத்து நெரித்த கொலையில் இரத்தமே சிந்தாமல் போகலாம் என்பதால், உங்கள் அக்காவின் வழக்கில் கயிற்றின் மீது எந்தச் சோதனையும் நடந்திருக்காமல் இருக்கவும் வாய்ப்புண்டு. இது இன்று உங்களுக்குச் சாதகமான விஷயம். அக்காலத்துச் சோதனைகள் பொருளின் ஒரு பகுதியை வெட்டிக் கரைத்துச் செலவழித்துவிடும். யாரும் சோதிக்காத கயிறு, உள்ளது உள்ளபடியே இருக்கும்.

டி.என்.ஏ. வைத்து மனிதரை அடையாளம் காணும் முறையை இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1980-களின் நடுவில் உருவாக்கினார். இந்தியாவில் அதை வேரூன்றச் செய்தவர் ஹைதராபாத்தில் பணியாற்றிய லால்ஜி சிங். அந்தத் தொடக்கக் கால முறைக்குக் கண்ணுக்குத் தெரியும் அளவில் இரத்தக்கறையோ விந்துக்கறையோ தேவைப்பட்டது. அதுவும் கெடாமல் இருக்க வேண்டும். பின்னர் வந்த பி.சி.ஆர். முறை, சிதைந்துபோன டி.என்.ஏ.வின் குறுகிய துண்டுகளைக்கூடப் பல கோடி மடங்கு பெருக்கிப் படிக்க வழி செய்தது. இன்று ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு டி.என்.ஏ. இருந்தாலே, ஒருவரை அடையாளம் காட்டும் முழு டி.என்.ஏ. விவரம் எடுக்கலாம். ஒருவர் ஒரு பொருளை இறுகப் பிடிக்கும்போது உள்ளங்கையிலிருந்து உதிரும் தோல் செல்களே அதற்குச் சில நேரம் போதும்.

இந்த இடத்தில்தான் உங்கள் கயிறு முக்கியமாகிறது. நெரிக்கப் பயன்பட்ட கயிற்றில் நாங்கள் முதலில் பார்ப்பது இரண்டு முனைகளையும் முடிச்சையும்தான். கொலையாளி கயிற்றின் முனைகளைக் கையில் சுற்றிக்கொண்டு முழு பலத்தோடு இழுத்திருப்பார். நைலான் புரிகளுக்கிடையே அந்த உரசலில் தோல் செல்கள் போய்ப் படியும். முடிச்சு போட்டிருந்தால் இன்னும் நல்லது. முடிச்சு இறுகும்போது உள்ளே அகப்பட்ட பகுதியை அதன் பிறகு யாரும் தொட்டிருக்க முடியாது. வெளிப்புறத்தை அன்றைய ஆய்வாளர் தொட்டிருக்கலாம், மருத்துவர் தொட்டிருக்கலாம், எழுத்தர் தொட்டிருக்கலாம். முடிச்சின் உட்புறத்தில் படிந்தது முடிச்சுப் போட்டவருடையதும் அந்தக் கழுத்துக்கு உரியவருடையதும்தான் என்று பெரும்பாலும் எதிர்பார்க்கலாம். அனுபவமுள்ள பிரேதப் பரிசோதனை மருத்துவர்கள் முடிச்சை அவிழ்க்காமல், முடிச்சுக்கு எதிர்ப்புறத்தில் வெட்டித்தான் கயிற்றை எடுப்பார்கள். அப்படி எடுத்தார்களா என்பது பிரேதப் பரிசோதனைச் சான்றிதழிலேயே எழுதியிருக்கும். அதன் நகலைப் பெற்றவுடன் நீங்கள் தேட வேண்டிய முதல் வரி அதுதான். இரண்டாவதாக, விரல் நகங்களை வெட்டி எடுத்து உறையிட்டார்களா என்று பாருங்கள். வளையல்கள் உடைந்திருப்பதால் உங்கள் அக்கா போராடியிருக்கிறார். போராடியவரின் நகக்கண்ணில் எதிராளியின் தோல் சிக்குவதுண்டு.

இவற்றை எங்கே தேடுவது? வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவே இல்லை என்பதால் அது செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போயிருக்காது. கைப்பற்றிய பொருள்கள், அந்தக் காவல் நிலையத்தின் எல்லைக்குரிய நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்குப் படிவம் 95-இல் விவரம் எழுதி அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அந்த நீதிமன்றத்தின் சொத்துப் பதிவேட்டில் ஓர் எண்ணும், பொருள் வந்த தேதியும், ஆய்வகத்துக்குப் போய்த் திரும்பியிருந்தால் அந்தத் தேதிகளும் இருக்கும். இந்த இடைவெளியில் உங்கள் பகுதியில் தாலுகாக்கள் பிரிந்திருக்கலாம், புதிய நீதிமன்றம் வந்திருக்கலாம், கட்டடம் மாறியிருக்கலாம். அப்படியானால் எந்த நீதிமன்றத்தின் பொருள்கள் எங்கே மாற்றப்பட்டன என்று கேட்க வேண்டும். நீதிமன்றத்தில் இல்லையென்றால் காவல் நிலையத்தின் சொத்து அறை, அதுவும் இல்லையென்றால் ஆய்வகம் என்று தேடல் தொடரும். பிரேதப் பரிசோதனை நடந்த மருத்துவக் கல்லூரியையும் மறக்கக் கூடாது. திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக மெழுகுக் கட்டிகளில் பதித்து வைத்திருந்தால் அவற்றிலிருந்தும் இறந்தவரின் டி.என்.ஏ.வை எடுக்க முடியும்.

அந்தச் சொத்து அறைகளில் இருக்கும் பொட்டலங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காடாத் துணியில் சுற்றி, ஊசி நூலால் தைத்து, தையல் மேல் அரக்கு முத்திரை வைத்து, குற்ற எண்ணும் நிலையத்தின் பெயரும் எழுதிய அட்டையைச் சணலில் கட்டியிருப்பார்கள். முத்திரை உடையாத துணிப் பொட்டலம் காய்ந்த அலமாரியில் இருந்தால் முப்பது ஆண்டுகள் ஒன்றும் பெரிதில்லை. ஈரப்பதம்தான் எங்கள் முதல் எதிரி. ஐப்பசி மழையில் நனைந்த துண்டைக் காயவைக்காமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டியிருந்தால், பூஞ்சையும் பாக்டீரியாவும் சில வாரங்களிலேயே டி.என்.ஏ.வைத் தின்று தீர்த்திருக்கும். நைலான் நீரை அதிகம் உறிஞ்சாது என்பதால் துண்டைவிடக் கயிற்றின் மீது எனக்கு நம்பிக்கை அதிகம்.

காலம் கடந்த வழக்கில் எங்கே தேடுவது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1988 பிப்ரவரி 14 அன்று லினெட் வைட் என்ற இளம்பெண் அங்குள்ள ஒரு குடியிருப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குத்துக்காயங்களுடன் கொல்லப்பட்டார். சம்பவ இடத்தில் கிடைத்த வேற்று மனிதரின் இரத்தம் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரில் எவருடனும் பொருந்தவில்லை. இருந்தும் அவர்களில் மூன்று பேருக்கு 1990-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1992-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. 2000-க்குப் பின் தடயவியல் அறிஞர் ஆஞ்செலா கேலப் தலைமையிலான குழு மீண்டும் எல்லாவற்றையும் ஆராய்ந்தபோது, சிகரெட் பெட்டியைச் சுற்றியிருந்த மெல்லிய கண்ணாடித்தாள் ஒன்றில் ஒரு துளி இரத்தம் கிடைத்தது. பிறகு அவர்கள் அந்த அறைக்கே திரும்பிப் போனார்கள். கொலைக்குப் பிறகு அந்த அறைக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் மரச்சட்டத்தில் அந்தப் பூச்சை அடுக்கடுக்காகச் சுரண்டி எடுத்தபோது, அதன் அடியில் பழைய இரத்தம் அப்படியே இருந்தது. பூச்சே அதற்குக் காப்பாக அமைந்துவிட்டது. கிடைத்த டி.என்.ஏ. விவரம் தேசியத் தரவுத்தளத்தில் யாருடனும் முழுமையாகப் பொருந்தவில்லை. ஆனால் அதிலிருந்த ஓர் அரிய கூறு, கொலை நடந்தபோது பிறந்தே இராத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் விவரத்தோடு ஒத்துப்போனது. அந்தக் குடும்பத்தை விசாரித்ததில் அவனுடைய உறவினரான ஜெஃப்ரி கஃபூர் அகப்பட்டார். 2003 ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். ஊரும் போலீஸும் உறுதியாகச் சந்தேகித்த ஐந்து பேரில் அவர் இல்லவே இல்லை என்பதை உங்களுக்காகவே அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியொரு தேசிய டி.என்.ஏ. தரவுத்தளம் நம் நாட்டில் இல்லை. அதற்காக 2019-இல் கொண்டுவரப்பட்ட மசோதா 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் 2018-இல் செய்ததைப் போல, மக்கள் தாமாகப் பதிவேற்றிய மரபுவழித் தகவல்களைக் கொண்டு கொலையாளியின் வம்சத்தைத் தேடும் முறைக்கும் இங்கே இப்போதைக்கு இடமில்லை. எனவே கயிற்றிலிருந்து ஒரு விவரம் கிடைத்தால், அதைக் குறிப்பிட்ட சில மனிதர்களோடுதான் ஒப்பிட முடியும்.

அந்த ஒப்பீட்டில்தான் உங்கள் வழக்குக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பெண்ணின் உடலிலிருந்தோ நகக்கண்ணிலிருந்தோ எடுத்த மாதிரியில் அவருடைய டி.என்.ஏ.வே மிகுந்திருக்கும். அதற்குள் கலந்திருக்கும் சிறிதளவு ஆண் டி.என்.ஏ.வைத் தனியாகப் படிக்க, ஆண்களிடம் மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமைப் பார்ப்பது வழக்கம். இந்த ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ மாறாமல் போகும். உங்கள் தாத்தா, அப்பா, நீங்கள், உங்கள் சித்தப்பா பெரியப்பா மகன்கள், அந்தப் பங்காளி என ஒரே ஆண்வழியில் வந்த அத்தனை பேரிடமும் பெரும்பாலும் ஒரே விவரம்தான் இருக்கும். நாளை ஆய்வகம் அந்தப் பங்காளியின் ஒய் விவரம் பொருந்துகிறது என்று சொன்னால், அதே அறிக்கை உங்களுக்கும் பொருந்தும் என்பதை எதிர்த்தரப்பு வழக்குரைஞர் முதல் கேள்வியிலேயே எடுத்துக்காட்டுவார். பொருந்தவில்லை என்று வந்தால் மட்டும் அது உறுதியான செய்தி: பங்காளி வகையறா முழுவதும் விலக்கப்படும், ஊர் இத்தனை காலம் தவறான திசையில் பார்த்திருக்கிறது என்று பொருள். ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் மற்ற குரோமோசோம்களின் விவரம் வேண்டும். மனுப் போடும்போதே அந்தச் சோதனையைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பங்காளி என்பதால் அவர் அக்கா வீட்டுக்கு வந்துபோயிருப்பார். வீட்டில் கிடந்த துண்டில் அவருடைய தோல் செல் இருப்பது எதையும் நிரூபிக்காது. நீங்களும் அந்தத் துண்டில் முகம் துடைத்திருக்கலாம். கயிறு அக்கா வீட்டில் ஏற்கெனவே இருந்த கொடிக் கயிறா, வெளியிலிருந்து கொண்டுவந்ததா என்பது தெரிந்தாக வேண்டும். டி.என்.ஏ. ஒருவர் தொட்டார் என்று சொல்லும். எப்போது தொட்டார், எதற்காகத் தொட்டார் என்று சொல்லாது. முடிச்சின் உட்புறத்துக்கும் நகக்கண்ணுக்கும் நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவது இதனால்தான்.

டம்ளர் விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒப்பிடுவதற்குக் கயிற்றின் விவரம் கையில் இல்லாதபோது டம்ளரின் விவரம் ஒரு வெற்றுத்தாள். ஒருவர் அறியாமல் அவருடைய உடல்சார்ந்த தகவலை எடுப்பது அந்தரங்க உரிமையை மீறுவதாகும். அதைவிடப் பெரிய அபாயம், குடும்பத்தாரே சான்றை உருவாக்கினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுவது. கயிற்றிலிருந்து விவரம் கிடைத்துவிட்டால், சந்தேகத்துக்குரியவரிடம் மாதிரி எடுக்கக் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் சட்டப்படி வழி உண்டு. உடலிலிருந்து மாதிரி எடுப்பது ஒருவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைப்பது ஆகாது என்பதற்கு, உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு 1961-லேயே அடித்தளமிட்டுவிட்டது. உண்மை கண்டறியும் சோதனை, மயக்க மருந்துச் சோதனை ஆகியவற்றை யாராவது பரிந்துரைத்தால், சம்பந்தப்பட்டவரின் சம்மதமின்றி அவற்றை நடத்தக் கூடாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை நினைவில் வையுங்கள். என் பார்வையில் அவை உங்கள் வழக்குக்குத் தேவையும் இல்லை.

தனியார் ஆய்வகமும் இப்போது வேண்டாம். பெட்டியில் உள்ள பொருள்கள் சம்பவ இடத்திலிருந்து கைப்பற்றியவை அல்ல. அவற்றில் கொலையாளியின் தடயத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. சீப்புக்கு வேறொரு பயன் உண்டு. கயிற்றில் உங்கள் அக்காவின் டி.என்.ஏ. எது, அந்நியருடையது எது என்று பிரிக்க, அக்காவின் விவரம் தேவை. வேரோடு கூடிய தலைமுடி சீப்பில் இருந்தால் அது உதவும். வேர் இல்லாத முடியிலிருந்து, தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும் தாய்வழி டி.என்.ஏ.வை மட்டுமே பெரும்பாலும் பெற முடியும். அந்தச் சீப்பைக் கையுறை அணிந்து ஒரு புதிய காகித உறையில் போட்டு, தேதியும் உங்கள் கையொப்பமும் இட்டு, இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் பெற்று, உலர்ந்த இடத்தில் வையுங்கள். கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள்.

இந்தக் கவனமெல்லாம் அளவுக்கு மீறியது என்று தோன்றலாம். லண்டனில் 1993-இல் கொல்லப்பட்ட ஸ்டீஃபன் லாரன்ஸ் வழக்கில், சந்தேகிக்கப்பட்ட ஒருவரின் மேல்சட்டைக் கழுத்துப்பட்டையில் அரை மில்லிமீட்டருக்குக் கால் மில்லிமீட்டர் அளவுள்ள இரத்தக்கறை பல ஆண்டுகளுக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்டது. கறை லாரன்ஸின் இரத்தம்தானா என்பதைவிட, அது பொட்டலங்களைக் கையாண்டபோது வந்து ஒட்டியதா என்பதுதான் நீதிமன்றத்தில் பெரும் வாதமானது. ஒவ்வொரு பொருளும் எந்தக் காகிதப் பையில், எந்த அறையில், யார் பொறுப்பில் இருந்தது என்று அரசுத் தரப்பு படிப்படியாகக் காட்ட முடிந்ததால் 2012-இல் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். நம் ஊரில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில், தண்டிக்கப்பட்டவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த குறைகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மாதிரிகள் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி உறையைப் பிரிக்கக் கூடாது, கைமாறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவேடு வேண்டும் என்று நாடு முழுவதற்குமான வழிகாட்டு நெறிகளை அந்தத் தீர்ப்பு வகுத்தது. உங்கள் மனுவோடு அந்தத் தீர்ப்பின் நகலை இணைக்கச் சொல்லுங்கள்.

கைரேகையை நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். டி.என்.ஏ.வைவிட முதலில் அதைத்தான் நான் கேட்பேன். கண்ணாடியில் எடுத்த ரேகையைப் புகைப்படமாக்கி மாவட்ட விரல்ரேகைப் பிரிவில் வைத்திருப்பார்கள். புகைப்படத்துக்குப் பூஞ்சை பிடித்த டி.என்.ஏ.வின் கதி வராது. 1997-இல் அதைக் கையில் இருந்த பதிவுகளோடும் விசாரிக்கப்பட்டவர்களின் ரேகைகளோடும் மட்டுமே ஒப்பிட்டிருப்பார்கள். 2022-இல் தொடங்கப்பட்ட தேசியத் தானியங்கி விரல்ரேகை அமைப்பில் இப்போது நாடெங்கிலும் உள்ள குற்றப் பதிவுகளோடு சேர்த்துத் தேட முடியும். அந்த இரவு உங்கள் ஊருக்கு வந்துபோன ஓர் அந்நியர், பிற்காலத்தில் வேறொரு மாநிலத்தில் திருட்டு வழக்கொன்றில் சிக்கியிருந்தால்கூட இப்போது வெளிப்பட வாய்ப்புண்டு. இதற்குச் செலவில்லை, பொருள் கெடும் அபாயமும் இல்லை. முதலில் கேட்பதற்கு இதைவிட எளிய கோரிக்கை கிடையாது.

வழிமுறை இவ்வாறு இருக்கட்டும். நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனுத் தாக்கல் செய்து முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு), கைப்பற்றுதல் மகஜர் (பொருள்களை எடுத்தபோது எழுதிய குறிப்பு), படிவம் 95, பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ், ஆய்வக அறிக்கை, 2000-இல் வந்த இறுதி அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைப் பெறுங்கள். இறுதி அறிக்கையை ஏற்பதற்கு முன் புகார்தாரருக்கு நடுவர் அறிவிப்பு அனுப்பி அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. உங்கள் அப்பாவுக்கு வந்த தாள் நீதிமன்றத்திலிருந்து வந்ததா, காவல் நிலையத்திலிருந்து மட்டும் வந்ததா என்பதை உங்கள் வழக்குரைஞர் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவின் கருத்தை அப்போது நீதிமன்றம் கேட்கவே இல்லையென்றால் அதுவே ஒரு வலுவான காரணம்.

நகல்கள் கைக்கு வந்ததும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதுங்கள். அதில் பங்காளியின் பெயரை முதன்மைப்படுத்த வேண்டாம். இன்ன பொருள், இன்ன பதிவேட்டு எண்ணில் இருக்கிறது, அன்று செய்ய முடியாத இன்ன சோதனையை இன்று செய்ய முடியும் என்று எழுதுங்கள். பொருள்களை அழிக்கவோ ஏலம் விடவோ கூடாது என்று நடுவர் நீதிமன்றத்தில் தனியாக ஒரு மனுவும் உடனே போட வேண்டும். மற்ற எதற்கும் காத்திருக்கலாம், இதற்குக் காத்திருக்கக் கூடாது. காவல்துறை அசையவில்லையென்றால், மேல்விசாரணைக்கு உத்தரவிடும்படி அதே நடுவரிடம் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(8) பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193(9) பிரிவும் ஏறத்தாழ ஒன்றையே சொல்கின்றன. வழக்கு பழையது என்பதால் மனுவில் இரண்டையும் குறிப்பிடுவது நல்லது. நீதிமன்ற விசாரணை தொடங்காத வழக்கில் இவ்வாறு உத்தரவிட நடுவருக்கு அதிகாரம் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாக்கியிருக்கிறது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை வேண்டுமென்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகலாம். ஆனால் பொருள் இருக்கிறதா என்று தெரியாமல் அங்கே போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

முடிவுகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். கயிறு கிடைக்காமல் போகலாம். கிடைத்தும் பலருடைய டி.என்.ஏ. கலந்து பிரிக்க முடியாத நிலையில் இருக்கலாம். நல்ல விவரம் கிடைத்தாலும் நீதிமன்றம் அதை ஒரு நிபுணரின் கருத்தாகவே எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற பட்டுராஜன் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான்: டி.என்.ஏ. சான்றின் எடை வழக்குக்கு வழக்கு மாறும், மற்ற சான்றுகளோடு சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும். எனவே 1997-இல் வாக்குமூலம் கொடுத்தவர்களில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வயது என்று ஒரு குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நினைவில் உள்ளதை, ஊர்ப்பேச்சைக் கலக்காமல், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் தேதியிட்டு எழுதி வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றை நானே எழுப்புகிறேன். மூன்று வயதில் தாயை இழந்த அக்கா மகளிடம் இதைப் பற்றிப் பேசினீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இன்று அவர் வளர்ந்த பெண், சட்டப்படி உங்கள் அக்காவின் வாரிசு. மனு அவர் பெயரிலும் போவது வழக்கை வலுப்படுத்தும். சீப்பில் வேரோடு முடி இல்லையென்றால், தாயின் டி.என்.ஏ. விவரத்தைத் திரும்ப அமைக்க அவருடைய மாதிரியும் உங்களுடைய மாதிரியும் தேவைப்படும். அதைவிட முக்கியமாக, வழக்கு திறந்தால் அந்த இரவின் ஒவ்வொரு விவரமும், பிரேதப் பரிசோதனையின் ஒவ்வொரு வரியும் மீண்டும் பேசப்படும், செய்தித்தாளிலும் வரலாம். அவர் அதை ஊராரிடமிருந்தோ தொலைக்காட்சியிலிருந்தோ தெரிந்துகொள்ள நேரக் கூடாது. நேரில் போய், அத்தானையும் உடன் வைத்துக்கொண்டு, இந்தக் கடிதத்தில் உள்ள சாதக பாதகங்கள் இரண்டையும் சொல்லுங்கள். அவருக்கு யோசிக்க நேரம் கொடுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்டு, அவருடைய காரணத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்த பிறகே மேற்கொண்டு முடிவெடுங்கள். பொருள்களை அழிக்கக் கூடாது என்று கேட்கும் அந்த ஒரு மனுவை மட்டும் அதற்கு முன்பே தாக்கல் செய்யலாம். அதனால் யாருக்கும் பாதிப்பில்லை. சொத்துப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தில் எந்தெந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதித் தருகிறேன்.